மூன்று இலக்கச் சட்டை

அத்தியாயம் 14

ரயில் கிளம்பி இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் இவோனி ஐந்து முறை மணி கேட்டுவிட்டாள்.

"எட்டு நாற்பத்தஞ்சும்மா. உன் கையிலதானே வாட்ச் இருக்கு?"

"அது வேகமா ஓடுதுடி."

"நேத்து மெதுவா ஓடுதுன்னு சொன்னே."

இவோனி வாட்சைச் சட்டைக் கைக்குள் தள்ளினாள். மடியிலிருந்த டப்பாவைத் திறந்து, உள்ளே இருந்த பாலாடைக்கட்டி உருண்டைகளை எண்ணி, மறுபடி மூடினாள். இரவு முழுக்க மதிய உணவுப் பெட்டி தயாரிக்கும் தொழிற்சாலையில் நின்று, ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்து, குளித்து, அடுப்பு மூட்டி, மகனுக்காகச் சுட்டுக்கொண்டு வந்தவை. கண்கள் சிவந்திருந்தன. தூங்கச் சொன்னால் கேட்கமாட்டாள்.

மகள் சில்மாரா ஜன்னலில் நெற்றியைச் சாய்த்தாள். அவளும் நேற்று தூங்கவில்லை. காரணம் வேறு.

இன்று ஜூலை முப்பத்தொன்று. ஜப்பானியப் பேஸ்பால் அணிகளில் பயிற்சி ஒப்பந்தத்தோடு இருக்கும் பையன்களின் வருடம் இந்தத் தேதியில்தான் முடிவாகும். அவர்கள் முதுகில் மூன்று இலக்க எண். இரண்டாம் அணிக்கு மட்டுமே ஆடலாம். பெரிய பட்டியலில் ஏறி, இரண்டு இலக்கச் சட்டை வாங்க வேண்டுமென்றால் இன்றைக்குள் வாங்கியாக வேண்டும். தவறினால் அடுத்த வருடம். அடுத்த வருடம் ஒப்பந்தம் இருந்தால்.

அவள் தம்பி டார்லன் குனியோஷியின் முதுகில் இருப்பது 127. ஹெரான்ஸ் அணியின் பட்டியலில் ஒரே ஒரு இடம் காலி. அந்த ஒரு இடத்துக்கு இரண்டு பேர். ஒருவன் டார்லன். இன்னொருவன் விடுதியில் அவனோடு ஒரே அறையில் படுக்கும் குசாகாபே. அவனுக்கு இது மூன்றாவது வருடம். இந்த முறையும் எண் கிடைக்காவிட்டால், மூட்டையைக் கட்டிக்கொண்டு அப்பாவின் டயர் கடைக்குப் போக வேண்டியதுதான்.

இன்று மதியம் இருவரும் ஆளுக்கு இரண்டு இன்னிங்ஸ் பந்து எறிகிறார்கள். மூன்று பேரை அவுட்டாக்கினால் ஒரு இன்னிங்ஸ். மாலைக்குள் முடிவு.

இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. சில்மாராவுக்கு மட்டும் தெரிந்தது ஒன்று இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை டார்லன் போனில் சொன்னது.

"அக்கா, எறிஞ்சு முடிச்சதும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகுது. கிள்ளினாக்கூடத் தெரியல. யார்கிட்டயும் சொல்லிடாத. அம்மாகிட்டயும்தான்."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். 

"சில்மாரா."

"என்னம்மா?"

"அவன் கை எப்படி இருக்காம்?"

சில்மாரா சட்டென்று திரும்பினாள். "ஏன் கேக்கறே?"

"சும்மாதான். இந்த வெயில்ல எறியணுமேன்னு." இவோனி பார்வையை டப்பாவுக்கு இறக்கிக்கொண்டாள். "மணி என்னடி?"

மைதானம் ஆற்றங்கரையை ஒட்டி இருந்தது. இரண்டாம் அணி ஆட்டத்துக்குக் கூட்டம் அதிகம் வராது. முந்நூறு பேர் இருந்தால் அதிகம். கழுத்தில் ஈரத்துண்டு சுற்றிய ஓய்வு பெற்றவர்கள், நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பந்தையும் குறிக்கும் இரண்டு மூன்று பெண்கள், பள்ளி விடுமுறைப் பிள்ளைகள். இரும்பு இருக்கை சுட்டது.

உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் அணியின் உடற்பயிற்சி நிபுணர் ஹிராபயாஷி பக்கவாட்டுக் கதவிலிருந்து கையசைத்தார். சில்மாரா இறங்கிப் போனாள்.

"குனியோஷி-சான், மன்னிச்சுக்கோங்க. மொழிபெயர்ப்பாளர் முதல் அணியோட வெளியூர் போயிட்டார். அவர் இருந்தாலும் ஸ்பானிஷ்தான். உங்க தம்பிகிட்ட ஒரு விஷயம் சரியாக் கேக்கணும். ஒரு நிமிஷம் வர முடியுமா?"

அவள் கால்கள் தயங்கின. மனம் ஏற்கெனவே விஷயத்தைப் புரிந்துகொண்டிருந்தது.

சில்மாராவின் தொழிலே மொழிபெயர்ப்புதான். ஹமாமட்சுவில் ஒரு மருத்துவமனையில், ஜப்பானிய டாக்டர்களுக்கும் பிரேசில் தொழிலாளிகளுக்கும் நடுவே உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசுகிறாள். முதல் நாளே அவளுக்குச் சொல்லிக்கொடுத்த விதி ஒன்று உண்டு. கூட்டாதே, குறைக்காதே, மாற்றாதே.

டார்லன் பயிற்சி இடத்தின் வேலியருகே நின்றிருந்தான். இருபது வயது. ஆறடிக்கு மேல் உயரம். அக்காவைப் பார்த்ததும் சிரித்தான். பக்கத்தில் ஹிராபயாஷியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"நேத்தும் இன்னைக்கும் எறிஞ்சதுக்கு அப்புறம் கையை உதறினான். நான் கவனிச்சேன்," என்றார் ஹிராபயாஷி. "முழங்கையில வலி இருக்கா? விரல் மரத்துப்போகுதா? தெளிவாக் கேளுங்க."

சில்மாரா போர்ச்சுகீசில் கேட்டாள். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

டார்லன் ஹிராபயாஷியைப் பார்த்துப் புன்னகைத்தபடியே போர்ச்சுகீசில் சொன்னான்: "இல்லை. ஒண்ணும் இல்லை. அக்கா, நீ இப்போ வாயைத் திறந்தே, இன்னையோட எனக்கு அக்காவே கிடையாது."

"நீளமாச் சொன்னானே?" ஹிராபயாஷி கேட்டார். "என்ன சொல்றான்?"

வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ பந்தைக் கையுறையில் வாங்கும் சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டது. டார்லன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று வயதில், அவனை மட்டும் விட்டுவிட்டு அவர்கள் பிரேசிலிலிருந்து கிளம்பிய நாளில், விமான நிலையத்தில் அவளை அவன் இப்படித்தான் பார்த்தான் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். சில்மாராவுக்கு அப்போது ஏழு வயது. அவளுக்கு அது ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லாததுதான் வலித்தது.

"ஒண்ணும் இல்லைங்கறான்," என்றாள்.

"நிச்சயமா?"

"அப்படித்தான் சொல்றான்."

ஹிராபயாஷி அவள் முகத்தை ஒரு வினாடி கூடுதலாகப் பார்த்தார். பிறகு தலைகுனிந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அவள் படியேறித் திரும்பி வந்தாள். விதியின் ஒரு எழுத்தைக்கூட மீறவில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அதை அவளே நம்பவில்லை.

முதலில் குசாகாபே எறிந்தான். இடது கைக்காரன். இரண்டு இன்னிங்ஸில் ஒரு ரன் கொடுத்தான். மோசமில்லை, பிரமாதமும் இல்லை. இறங்கிப் போகும்போது எதிரே வந்த டார்லனின் இடுப்பில் கையுறையால் ஒரு தட்டுத் தட்டினான்.

டார்லன் எறிமேட்டில் ஏறியதும் நோட்டுப் புத்தகப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

முதல் பந்தின் வேகம் நூற்று ஐம்பத்தொன்று கிலோமீட்டர். கேட்சரின் கையுறையில் விழுந்த சத்தம் ஆற்றின் அக்கரை வரை போயிருக்கும். அடுத்தது நூற்று ஐம்பத்திரண்டு. மூன்று பேட்டர்கள் வந்தார்கள். மூன்று பேரும் மட்டையைச் சுழற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள்.

"பாத்தியாடி? பாத்தியா?" இவோனி மகளின் தொடையில் அடித்தாள். கண்ணில் நீர். "நெஞ்சுல வலு இல்ல, குளிர் தாங்கமாட்டான்னு அன்னைக்கு அந்த டாக்டர் சொன்னான். ரெண்டே வருஷம், சம்பாதிச்சிட்டு வந்துடலாம்னு உங்கப்பா சொன்னார். ரெண்டு வருஷம்!"

அந்த இரண்டு வருடம் பதினாறு வருடமானது. இடையில் அப்பா நிவால்டோ ஆலையிலேயே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். பிரேசிலில் ஸெனாய்ஜி சித்தி பையனை வளர்த்தாள். அங்கே அவர்களைப் போன்ற ஜப்பானிய வம்சாவளியினரின் சங்க மைதானம் அவனுக்குப் பந்தைக் கற்றுக்கொடுத்தது. அந்தப் பந்தைப் பிடித்துக்கொண்டே அவன் போன வருடம் அம்மாவிடம் வந்து சேர்ந்தான். அவனுக்கு இரண்டு இலக்கம் கிடைத்துவிட்டால், விட்டுவிட்டு வந்த பாவம் தீர்ந்துவிடும் என்று இவோனி ஒரு கணக்கு வைத்திருந்தாள். வாய்விட்டுச் சொன்னதில்லை. சில்மாராவுக்குத் தெரியும்.

இரண்டாவது இன்னிங்ஸ். முதல் பேட்டர் அவுட். அடுத்து வந்தவன் பள்ளியை முடித்து நேராக வந்த பதினெட்டு வயதுப் பையன். முகத்தில் பரு.

டார்லன் கையைச் சுழற்றினான். பந்து எங்கோ போனது. கேட்சர் எழுந்து தாவியும் எட்டவில்லை. பையனின் மூக்குக்கு முன்னால் ஒரு விரற்கடை இடைவெளியில் பாய்ந்து பின்வலையில் மோதியது. பையன் மல்லாக்க விழுந்தான். ஹெல்மெட் உருண்டது.

மைதானம் முழுக்க "ஓ" என்றது.

பையன் எழுந்தான். மண்ணைத் தட்டிவிட்டுச் சிரிக்க முயன்றான். டார்லன் தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டான். நடுவர் புதுப் பந்து கொடுத்தார்.

அப்போதுதான் சில்மாரா அதைப் பார்த்தாள். டார்லன் கையுறைக்குள் பந்தைப் பிடித்தான். பிறகு குனிந்து உள்ளே பார்த்தான். விரல்கள் பந்தின் மேல் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துக்கொள்கிறான். தொட்டால் அவனுக்குத் தெரியவில்லை.

எழுந்தாள்.

இவோனி அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். "உக்காருடி."

"அம்மா, விடு."

"இன்னும் ரெண்டே பேருதான்டி. முடிஞ்சிரும். உக்காரு!"

சில்மாரா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். எதற்காக எழுந்தாய் என்று அம்மா கேட்கவே இல்லை. ஆனால் அதைப் பற்றி யோசிக்க அப்போது நேரம் இல்லை. கையை உதறிக்கொண்டு படிகளில் இறங்கி ஓடினாள். அணி உட்காரும் இடத்தின் மேலிருந்த கம்பியில் வயிறு முட்டும்வரை குனிந்து, ஜப்பானிய மொழியில், மரியாதைச் சொல் ஒன்றுமில்லாமல் கத்தினாள்:

"நிறுத்துங்க! அவனுக்கு விரல்ல உணர்ச்சி இல்ல! பந்து எங்க போகும்னு அவனுக்கே தெரியாது!"

முந்நூறு தலைகள் திரும்பின. ஹிராபயாஷி ஏற்கெனவே மைதானத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தார்.

எறிமேட்டில் நின்ற டார்லனுக்கு அந்த வாக்கியம் புரிந்திருக்காது. ஆனால் யார் குரல் என்று புரிந்தது. பந்தை, பின்னாலேயே வந்த அணிப் பயிற்சியாளரின் கையில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் நடந்து உள்ளே போனான்.

இருக்கைகளுக்குக் கீழே இருந்த நடைவழியில் அவன் அவளை எதிர்கொண்டான். முழங்கையில் ஐஸ் பை கட்டியிருந்தது.

"சந்தோஷமா?"

"டார்லன், அந்தப் பையனோட தலை..."

"தலையில படல!"

"அடுத்தது பட்டிருக்கும். நீ பந்தைக் குனிஞ்சு பாத்துப் பிடிச்சே. நான் பாத்தேன்."

"உனக்கென்ன தெரியும்?" அவன் குரல் உடைந்தது. "உன்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. என்னைச் சித்தி இடுப்புல விட்டுட்டுப் போனாங்க. யாரும் கூப்பிடாமலே நானா வந்தேன். வாசல் வரைக்கும் வந்தேன். நீ கதவைச் சாத்திட்டே."

அவன் சொன்னதில் பாதி உண்மை. தள்ளி நின்ற இவோனி டப்பாவை மார்போடு அணைத்தபடி சுவரில் சாய்ந்திருந்தாள்.

அப்போது யாரோ ஓடிவரும் சத்தம். குசாகாபே. வியர்வை, மண், கலங்கிய கண்கள். வந்தவன் டார்லனுக்கு முன்னால் இடுப்பு வளையக் குனிந்தான். நிமிரவே இல்லை.

"அக்கா, சொல்லுங்க அவன்கிட்ட," என்றான் ஜப்பானிய மொழியில், தரையைப் பார்த்தபடி. "இப்பத்தான் கூப்பிட்டுச் சொன்னாங்க. எனக்கு அறுபத்துநாலு கொடுத்துட்டாங்க. என்னை மன்னிச்சிடச் சொல்லுங்க. இது இப்படி வரணும்னு நான் நினைக்கல."

சில்மாரா அப்படியே சொன்னாள். டார்லன் நீண்ட நேரம் அந்தக் குனிந்த முதுகைப் பார்த்தான். பிறகு இடது கையால் அவன் காலரைப் பிடித்துத் தூக்கினான்.

"மன்னிப்பா? மடையன். ரெண்டு வாரமா ராத்திரியெல்லாம் தூக்கத்துல உளறினான், தூங்கவிடல. இனிமேலாவது தூங்கச் சொல்லு. புதுச் சட்டையில நூடுல்ஸ் சாறு கொட்டிக்க வேண்டாம்னும் சொல்லு."

"மடையன்னும் சொல்லணுமா?"

"அதை முதல்ல சொல்லு."

அவள் சொன்னாள். குசாகாபே சிரிக்கப் பார்த்து அழுதான். டார்லன் அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

பரிசோதனை முடிய மாலை ஐந்தானது. அணியின் டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்கில் மாட்டி, பேனா முனையால் காட்டினார். முழங்கையில் நரம்பு அழுந்திக்கிடக்கிறது. பக்கத்திலேயே தசைநார் நைந்திருக்கிறது. இன்று இன்னும் பத்துப் பந்து எறிந்திருந்தால் முழுதாக அறுந்திருக்கலாம். அறுவை சிகிச்சை வேண்டும். அதன் பிறகு ஒரு வருடம், ஒன்றே கால் வருடம். மறுபடி எறிய முடியுமா? முடியும் என்றுதான் நினைக்கிறேன் என்றார்.

சில்மாரா ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னாள். "பத்துப் பந்து" என்ற இடத்தில் டார்லன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கோபம் போகவில்லை. ஆனால் பார்த்தான்.

இரண்டாம் அணியின் நிர்வாகி ஒனோதேரா கால்மேல் கால் போடாமல், முழங்கால்களில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர். குரல் உயர்த்தாதவர்.

"அணி உங்க தம்பியைக் கைவிடாது. அறுவை சிகிச்சை, அப்புறம் பயிற்சி, விடுதி, எல்லாம் எங்க பொறுப்பு. அடுத்த வருஷம் ஒப்பந்தமும் போடலாம்னு மேலிடத்துல பேசறேன். ஆனா ஒரு கேள்விக்குப் பதில் எழுதணும்." ஒரு தாளை எடுத்து வைத்தார். பேனாவைத் திறந்தார். "இது எப்போ ஆரம்பிச்சது? இங்க வந்த பிறகா? ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே இருந்து மறைச்சதுன்னா, ஒப்பந்தமே செல்லாது. விசாவும் நிக்காது. அதனால யோசிச்சு, சரியாச் சொல்லச் சொல்லுங்க."

சில்மாரா கேட்டாள்.

டார்லன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். பிறகு மெல்லிய குரலில், போர்ச்சுகீசில் சொன்னான்:

"நான் பொய் சொல்லிச் சொல்லிக் களைச்சுட்டேன், அக்கா. பிரேசில்லயே ஆரம்பிச்சது. கையெழுத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடி. அப்பப்போ வரும், போகும். மருத்துவ டெஸ்ட் அன்னைக்கு இல்ல. அம்மாவுக்குத் தெரியும். அதையும் உன்கிட்ட மறைச்சேன்."

சில்மாரா அம்மாவைப் பார்த்தாள். இவோனி கண்ணை மூடிக்கொண்டாள். காலையில் ரயிலில் கேட்ட கேள்வி, மைதானத்தில் மணிக்கட்டை இறுக்கிய பிடி, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

"என்ன சொல்றான்?" ஒனோதேரா கேட்டார். பேனா தாளின் மேல் காத்திருந்தது.

கூட்டாதே, குறைக்காதே, மாற்றாதே. சொன்னால் தம்பி போகிறான். மாற்றிச் சொன்னால் இனி எந்த நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் அவள் உட்கார முடியாது. யாரும் தடுக்கமாட்டார்கள், அவளால்தான் முடியாது.

சில்மாரா எழுந்து நின்று குனிந்து வணங்கினாள்.

"ஒனோதேரா-சான், மன்னிக்கணும். எங்க மருத்துவமனையில சொந்தக்காரங்களை மொழிபெயர்க்க விடமாட்டோம். காலையிலேயே நான் இதைச் சொல்லியிருக்கணும். தப்பு என்னுது. நான் இவனோட அக்கா. தயவுசெஞ்சு வேற ஆளைக் கூப்பிடுங்க."

ஹிராபயாஷி தரையைப் பார்த்தார். ஒனோதேரா அவளை, பிறகு டார்லனை, பிறகு கண்ணை மூடியிருந்த தாயைப் பார்த்தார். அவருக்குப் போர்ச்சுகீசு தெரியாது. முகங்களைப் படிக்கத் தெரியும்.

"சரி," என்று பேனாவை மூடினார். "நாளைக் காலை பத்து மணிக்குப் போர்ச்சுகீசு தெரிஞ்ச ஒருத்தரை வரவழைக்கிறேன். அதுவரைக்கும் இந்தத் தாள் காலியாவே இருக்கும்."

வெளியே வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. ஆற்றங்கரை மேட்டில் யாரோ சைக்கிளில் போனார்கள். மூன்று பேரும் வாகன நிறுத்துமிடத்தின் ஓரக் கல்லில் உட்கார்ந்தார்கள். ரயிலுக்கு நாற்பது நிமிடம் இருந்தது.

"உனக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?" சில்மாரா அம்மாவைப் பார்க்காமல் கேட்டாள். "கை போயிருக்கும். அந்தப் பையனுக்கு ஏதாவது ஆகியிருந்தா? எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு என்னைப் பிடிச்சு உக்கார வைக்கிறே!"

இவோனி டப்பாவைப் பக்கத்துக் கல்லில் வைத்தாள். பேசியபோது குரல் தெளிவாக இருந்தது.

"யார்கிட்டயும் சொல்லாதம்மான்னு அன்னைக்கே பிரேசில்லேர்ந்து போன்ல அழுதான்டி. பதினாறு வருஷத்துல அவன் என்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான். பொம்மை கேக்கல, செருப்பு கேக்கல, எப்போ வருவேன்னுகூட ஒரு வயசுக்கு மேல கேக்கறதை நிறுத்திட்டான். கேட்ட ஒண்ணையும் எப்படிடி இல்லேங்கறது?"

டார்லன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. சில்மாரா கை நீட்டினாள். பாதியில் நிறுத்தினாள். பிறகு மீதித் தூரத்தையும் கடந்து அவன் முதுகில் வைத்தாள். அவன் தட்டிவிடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"நாளைக்குப் பத்து மணிக்கு நான் என்ன சொல்லட்டும்?" என்றான், இருவருக்கும் பொதுவாக.

அம்மாவும் மகளும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள்.

இரண்டும் ஒரே பதில் இல்லை.